லியோனில் ஃபூர்வியேர் குன்று: படியா, ரயிலா?

பிரான்சின் லியோன் நகரை ஒரு நாளில் நடந்தே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஃபூர்வியேர் குன்றின் மேல் எப்படிப் போவது என்பதைத்தான். பழைய நகரமான வியூ லியோன் சோன் ஆற்றங்கரையில் இருக்கிறது. பசிலிக்காவும் ரோமானியர் அரங்கும் குன்றின் மேல். பசிலிக்கா இருக்கும் உச்சி ஆற்றிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் உயரம். படியேறலாம், இல்லை ஃபுனிகுலர் ரயிலில் போகலாம். பழனி விஞ்ச் மாதிரி கம்பி இழுத்து ஏற்றும் வண்டி அது. நான் ரயிலில் போனேன். மறுபடி போனாலும் அப்படித்தான்.

படிக்கட்டுக்கும் நியாயம் உண்டு. காசு கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். மொந்தே தே ஷாஸோ என்ற படிக்கட்டில் பாதி ஏறித் திரும்பினால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் சேன் ழான் கதீட்ரலும் தெரியும். படம் எடுப்பவர்களுக்கு இது போதும். ஆனால் இருநூறுக்கு மேற்பட்ட அந்தப் படிகள் முடிந்த இடத்தில் குன்று முடிந்துவிடாது. பசிலிக்கா வரைக்கும் இன்னும் ஏற்றம்தான்.

ரயிலுக்கு மெட்ரோ டிக்கெட்டே செல்லும், சில நிமிடப் பயணம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது முட்டி. ஏறும்போது போகிற மூச்சு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் திரும்பிவிடும். கல்படியில் இறங்கும்போது முட்டியில் பிடிக்கிற வலி சாயங்காலம் வரை கூடவே வரும். கீழே வியூ லியோனில் காத்திருப்பதும் கருங்கல் பாவிய தெருக்கள். ஆகவே ஏற்றத்தை மட்டுமல்ல, இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வியூ லியோன் நிலையத்தில் இரண்டு தடங்கள் கிளம்புகின்றன. ஒன்று நேராக ஃபூர்வியேர் உச்சிக்கு. இன்னொன்று மினீம் வழியாக சேன் ழுஸ்டுக்கு. அரங்கு மினீம் பக்கத்தில் இருப்பதால் பலர் அதில் ஏறுகிறார்கள். அப்புறம் அரங்கிலிருந்து பசிலிக்காவுக்கு வெயிலில் மேட்டில் நடக்க வேண்டும். ஃபூர்வியேர் தடத்தில் போனால் எல்லாமே இறக்கம். 1872-இல் கட்டத் தொடங்கிய பசிலிக்காவை, மல்லாந்து கிடக்கும் யானை என்று ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். நாலு மூலைக் கோபுரங்களைப் பார்த்தால் கேலி நியாயம்தான் என்று தோன்றும். பின்பக்க மாடியிலிருந்து பெல்கூர் சதுக்கத்தின் செம்மண் தரை பளிச்சென்று தெரியும்.

அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் லுக்துனும் என்ற ரோமானியர் கால அருங்காட்சியகம். குன்றுக்குள் புதைத்துக் கட்டியிருப்பதால் மேலே நுழைந்து, சுழன்று இறங்கும் கான்கிரீட் சரிவிலேயே பார்த்துக்கொண்டு போகலாம். 1528-இல் கிடைத்த கிளாடியஸ் பேரரசரின் வெண்கலப் பட்டயம் இங்கேதான். திங்கட்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே அரங்கு, அனுமதி இலவசம். அதன் கீழ் வாசலில் வெளியே வந்தால் மினீம் நிலையம் கிட்டத்தில். மறுபடி ரயிலில் இறங்கிவிட்டேன். ஜூன், ஜூலையில் அரங்கில் இசை, நாடக விழா நடப்பதால் மேடையும் நாற்காலிகளும் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

மிச்சம் பிடித்த கால் தெம்பை டிராபூல்களுக்குக் கொடுங்கள். வீடுகளுக்கு ஊடே தெருவுக்குத் தெரு போகும் இந்த நடைவழிகளில் நீளமானது சேன் ழான் தெரு 54-ஆம் எண் கதவில் தொடங்கி பஃப் தெரு 27-இல் முடிகிறது. வெளியே பார்த்தால் சாதாரண வீட்டுக் கதவு. பொத்தானை அழுத்தித் தள்ளினால் இருட்டு நடை, பிறகு முற்றம், மறுபடி நடை. உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் போக வேண்டும்.

குழந்தை வண்டியோடு போகிறவர்களுக்கு ரயில் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் அப்படிப் போனதில்லை. எதிர்ப்பக்கம் நெசவாளர் குன்றான குருவா ரூஸுக்கும் சி மெட்ரோ பல்சக்கரத் தடத்தில் ஏறிப் போகிறது. அதனால் அங்கேயும் ரயிலில் ஏறி நடந்து இறங்கலாம்தான். ஆனால் இரண்டு குன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.