பேனாவைப் பார்த்துவிட்டுப் பலகையை வாங்குங்கள்

டேப்லெட்டில் படம் வரைய ஆசைப்பட்டு யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "ஐபேடா, சாம்சங்கா?" திரை எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி என்று விசாரித்து வைத்திருப்பார்கள். பேனாவைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. படம் வரைகிறவனின் கை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

நான் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வரையும் மென்பொருள்கள் மூன்று: ஐபேடில் புரோகிரியேட், சாம்சங் டேப்பில் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட், பழைய மடிக்கணினியோடு இணைத்த திரையில்லாத பேனாப் பலகையில் (பலகையில் வரைந்தால் கணினித் திரையில் தெரியும்) கிருட்டா.

முதலில் ஆப்பிள். 'ஆப்பிள் பென்சில்' என்ற ஒரே பெயரில் நான்கு வகை உண்டு. 2015-இல் வந்தது முதல் தலைமுறை, 2018-இல் இரண்டாவது, 2023-இல் யுஎஸ்பி-சி பென்சில், 2024-இல் பென்சில் புரோ. இவற்றில் யுஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. மெல்ல வைத்தாலும் அழுத்தி இழுத்தாலும் கோடு ஒரே தடிமன்தான். குறிப்பெடுக்கப் போதும்; புருவமும் மூக்கு நுனியும் வரைய உதவாது. விலை குறைந்த ஐபேட் வாங்குகிறவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பத்தாம் தலைமுறை ஐபேடும் அதற்கு அடுத்து வந்த ஏ16 ஐபேடும் ஏற்றுக்கொள்வது முதல் தலைமுறைப் பென்சிலையும் யுஎஸ்பி-சி பென்சிலையும் மட்டுமே. ஆகவே ஓவியருக்கு வேண்டியது, சார்ஜ் செய்யத் தனி இணைப்பான் கேட்கும் அந்தப் பழைய பென்சில்தான். சார்ஜ் துளை பொருந்துகிறதே என்று கடைக்காரர் எடுத்துத் தருவதோ யுஎஸ்பி-சி பென்சிலை.

பென்சில் புரோவின் கதை வேறு. பேனாவை விரல்களுக்கிடையே உருட்டினால் பிரஷ்ஷும் திரும்பும். பட்டை நிப்பில் தமிழ் எழுத்து எழுதிப் பழகியவர்களுக்கு ழகரத்தின் சுழிப்பில் அதன் அருமை புரியும். ஆனால் அது வேலை செய்யும் ஐபேடுகள் விலை உயர்ந்தவை.

சாம்சங்கில் இந்தக் குழப்பமே இல்லை. இப்போதைய டேப் எஸ் வரிசையில் எஸ் பென் என்ற பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. அடிப்படை, பேனாப் பலகைகள் செய்யும் வாகாம் நிறுவனத்தின் தொழில்நுட்பம்: திரைக்கு அடியிலுள்ள கம்பி வலை மின்காந்தப் புலத்தை எழுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்கிறது. வரைவதற்கு பேட்டரி வேண்டியதில்லை. ஆறு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்தாலும் எடுத்தவுடன் எழுதும். மலிவான டேப் ஏ9-ஐ வாங்கிவிட்டுப் பேனாவைத் தேடாதீர்கள். அதற்கு எஸ் பென் ஒத்துவராது.

கையின் அழுத்தத்தைப் பேனா எத்தனை படிகளாகப் பிரித்தறிகிறது என்று விளம்பரங்களில் 4096, 8192, 16384 என அடுக்குவார்கள். அந்த எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். எவ்வளவு லேசான தொடுதலுக்குக் கோடு விழத் தொடங்குகிறது என்பதே கைக்குத் தெரியும் வித்தியாசம். கடையில் வைத்துச் சரிவாக ஒரு கோட்டை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். அலை அலையாக நெளிந்தால் அந்தப் பலகை உங்களைக் கோடு திருத்துவதிலேயே வாழ வைக்கும்.

இனி மென்பொருள். டாஸ்மேனியாவில் பிறந்து 2011-இல் வெளிவந்த புரோகிரியேட் ஐபேடுக்கு மட்டுமே உரியது. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் கிடையாது. ஒருமுறை பணம் கட்டினால் போதும். அமெரிக்க விலை 12.99 டாலர். இரண்டு விரலால் தட்டினால் செய்தது அழியும், மூன்று விரலால் தட்டினால் திரும்பி வரும். ஒரு வாரத்தில் மெனு இருப்பதே மறந்துபோகிறது. வரைந்த முழுவதையும் வேகக் காணொளியாக அதுவே பதிந்து வைக்கிறது. வாடிக்கையாளருக்கு 'நான்தான் வரைந்தேன்' என்று காட்ட இன்று அதுவும் தேவைப்படுகிறது.

குறைகளும் உண்டு. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 2480 × 3508 பிக்சல். முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கே (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் கண்ணாடித் தாள் போன்றது) ஏறத்தாழ 35 எம்பி நினைவகம். ஏ3 என்றால் அது 70. நினைவகம் குறைந்த ஐபேடில் தாள் பெரிதாகப் பெரிதாக லேயர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விழும். எல்லாமே பிக்சல் என்பதால், சிறிதாக வரைந்து பிறகு சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும். செயலியை நீக்கினால் உள்ளிருக்கும் படங்களும் கூடவே போய்விடும். வாரம் ஒருமுறை, லேயர்கள் கலையாமல் காக்கும் பிஎஸ்டி கோப்பாக வெளியே எடுத்து வைப்பது என் வழக்கம்.

கிளிப் ஸ்டூடியோ ஜப்பானியர்கள் காமிக்ஸ் வரையக் கட்டிய பட்டறை. கட்டம் வெட்டுவது, தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் கோடுகளில் பேனாவைப் பிடித்து நிறுத்துவது, இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் வரை ஒரே தொடுதலில் அழிப்பது எல்லாம் இதில் கைவந்த கலை. பக்கம் பக்கமாகச் சித்திரக்கதை வரைகிறவருக்கு வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் மெனுக்கள் கணினித் திரைக்காக அடுக்கப்பட்டவை. பத்து அங்குலத்தில் அரசாங்க விண்ணப்பப் படிவம் போல நெருக்கியடிக்கின்றன. இன்னொரு எரிச்சல்: விண்டோஸிலும் மேக்கிலும் ஒரே தடவை பணம் கட்டி வாங்கலாம், டேப்லெட்டில் சந்தா மட்டும்தான்.

அச்சுக்கு அனுப்புகிறவர்கள் நிறத்தையும் பார்க்க வேண்டும். திரையில் கண்ணைப் பறிக்கும் மயில் நீலம் நான்கு வண்ண அச்சில் சோர்ந்துவிடும். கிருட்டா, அச்சின் அந்த நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கே-யிலேயே முழுதாக வேலை செய்யும். புரோகிரியேடும் செய்யும், ஆனால் தாளைத் திறக்கும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கிளிப் ஸ்டூடியோவில் வரைவது திரையின் வண்ண முறையான ஆர்ஜிபி-யில். சிஎம்ஒய்கே-க்கு மாற்றுவது முன்னோட்டத்திலும் வெளியே எடுக்கும்போதும்தான்.

கிருட்டாவுக்கு ஒரு பைசா செலவில்லை. திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். கூட ஒரு சின்னப் பேனாப் பலகை வாங்கினால், ஐபேட் செலவில் ஒரு சிறு பங்கில் கடை திறந்துவிடலாம். கை கீழே, கண் மேலே என்று பழக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் வரைந்ததெல்லாம் இடது கையால் போட்ட கையெழுத்துப் போலிருந்தது. பிறகு தெரிந்த லாபம் கழுத்துக்கு: ஐபேட் மீது கவிழ்ந்து கிடப்பதற்குப் பதில் நிமிர்ந்து உட்கார்ந்து வரைகிறேன். வலமும் இடமும் மேலும் கீழும் தாளைச் சுற்றி இணைத்துக் காட்டும் வசதி ஒன்று இதில் உண்டு. புடவை பார்டருக்கு ஒட்டுத் தெரியாத வடிவம் வரைய அதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. ஆண்ட்ராய்டிலும் கிருட்டா ஓடும், ஆனால் அந்தப் பொடிப் பொத்தான்களைத் தொட எறும்பின் விரல் வேண்டும்.

அடோபி ஃபிரெஸ்கோ என்ற வரையும் செயலி 2024 அக்டோபரிலிருந்து இலவசம். நீர்வண்ணம் தாளில் ஊறிப் பரவுவதைப் பார்க்கவாவது ஐபேட்காரர்கள் ஒருமுறை திறக்கலாம்.

வீட்டில் கணினி இருக்கிறது, வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பவருக்குப் பேனாப் பலகையும் கிருட்டாவும். பயணத்தில் வரைகிறவர், சம்பாதிக்கத் தொடங்கிவிட்டவர் என்றால் ஐபேட் ஏர், பென்சில் புரோ, புரோகிரியேட். கைச்செலவு இறுக்கம், ஆனால் திரையில்தான் வரைய வேண்டும் என்றால் சாம்சங் டேப் எஸ்6 லைட் போன்ற ஒன்று. உச்சி வெயிலில் கோயில் குளப் படியில் உட்கார்ந்து கோபுரம் வரைகிறவருக்கு இந்த மூன்றில் எதுவுமே உதவாது. கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான். அங்கே நான் கொண்டுபோவது நோட்டும் 4பி பென்சிலும்.

கைமாறிய ஐபேட் வாங்குகிறீர்களா? பென்சிலைத் தனியாகச் சோதியுங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பழைய பென்சிலின் பேட்டரி செத்திருக்கலாம். திறந்து மாற்றும்படி அது செய்யப்படவில்லை. விற்பவர் எதிரிலேயே கால் மணி நேரம் வரைந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.