கதவு அலாரம்: மழைக்காலங்கள் தாண்டிய பயன்பாட்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்பா ஆயுள் முழுக்க அந்த வேலை பார்த்தவர். டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்து எங்கள் பெயர்களெல்லாம் மறந்துபோன பிறகும், இருட்டில் எழுந்து கதவைத் திறக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டுக்குக் கீழே குளம். நானும் கணவரும் முறைவைத்து விழித்திருந்தோம்.

அதற்காக வாங்கியதுதான் காந்தக் கதவு அலாரம். ஒரு துண்டு நிலைச்சட்டத்தில், மற்றது கதவில். இரண்டும் விலகினால் ஒலிக்கும். விலை சில நூறு ரூபாய்தான். பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டிலும் கவலையில்லை.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதை இதைச் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். மழையில் மரக்கதவு ஊதி, துண்டுகள் இடம் மாறி, யாரும் தொடாமலே அலறியது. ஒட்டுப்பட்டையும் கழன்றது. ஆசாரியை அழைத்துத் திருகாணி போட்ட பிறகு தொல்லையில்லை.

அதைவிடப் பெரிய குறை, ஒலி. வாசலிலேயே அலறினால் அப்பா மிரண்டுபோகிறார். அதனால் எங்கள் அறையில் மட்டும் ஒலிக்கும் வகைக்கு மாறினோம். அதிலும் பிளக்கில் செருகுவதை வாங்காதீர்கள்; மழை இரவில் மின்சாரம் போனால் அதுவும் தூங்கிவிடும்.

மணி கேட்டு ஓடியபின் என்ன சொல்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "எங்கே போகிறீர்கள்?" என்றால் கோபம் வரும். "மழை பெய்கிறது அப்பா, இன்றைக்கு வெட்டு இல்லை" என்றால் திரும்பிப் படுத்துவிடுவார். மரம் நனைந்தால் வெட்ட முடியாது என்பது அவருக்கு இன்னும் தெரிகிறது. மழையில்லாத நாளில் ஒரு கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) கொடுத்து உட்கார வைப்போம்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், வெளியே பூட்டிவிடச் சொல்கிறார். தீப்பிடித்தால் என்ன செய்வது? பூட்டிய கதவை அப்பா இடிக்கும் சத்தத்தை அவர் கேட்டதில்லை.

பகல் நேரப் பாரத்தை இந்தக் கருவி துளியும் குறைக்காது. ஒருநாள் அழுகை அடங்காமல் 14416-ஐ, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை, அழைத்தேன். நோயாளியைப் பற்றி மட்டுமல்ல, என் தூக்கத்தைப் பற்றியும் கேட்டார்கள். அதன்பின் வாரத்தில் ஒரு மதியம் சித்தி வந்து அப்பாவுடன் இருக்கிறார்.

மணி கேட்டு எழுந்துவர வீட்டில் ஆள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது வீண் செலவு.