ஒரு ஸ்கின்னி, ஒரு 511, ஒரு 501: அஞ்சு வருஷ ஜீன்ஸ் அனுபவம்

எனக்கு இடுப்பு 34, தொடை கொஞ்சம் பெருசு, தினமும் ஆபீஸுக்கு பைக்தான், இத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல வாங்குனது ஒரு டிசைனர் பிராண்டு ஸ்கின்னி. பேர் வேணாம், விலைய வீட்ல இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ட்ரையல் ரூம் கண்ணாடில சூப்பரா இருந்துச்சு, எலாஸ்டேன்ங்கிற இழுபடுற நூல் கலந்த துணிதானே நல்லா இழுத்து குடுக்கும்னு நெனச்சேன், குடுத்துச்சு, ஆனா இழுத்தது திரும்பி வரல, முட்டி ரெண்டும் பை மாதிரி தொங்க ஆரம்பிச்சிருச்சு. பாதி தப்பு என்னோடதுதான், வாராவாரம் சுடுதண்ணில போட்டு மேல அயர்ன் வேற, எலாஸ்டேனுக்கு சூடே ஆகாதுன்னு அப்ப தெரியாது. ஏழாவது மாசம் சிக்னல்ல கால் ஊன்றப்ப தொடை இடுக்குல டர்ர்ருனு ஒரு சத்தம். அன்னிக்கு ஃபுல்லா லேப்டாப் பேக மடிய விட்டு எறக்கவே இல்ல.

அப்புறம் லீவைஸ் 511. இது ஸ்லிம், ஸ்கின்னி அளவுக்கு ஒட்டாது, ஷர்ட் இன் பண்ணா நீட்டா இருக்கும். மூணு வருஷமா ஆபீஸுக்கு இதான், பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

501 கதையே வேற. அந்த நம்பர் 1890லருந்து இருக்கு, பாக்கெட் ஓரத்துல அடிக்கிற உலோக ஆணி இருக்கே, அந்த ரிவெட்டுக்கு பேடன்ட் வாங்குனது 1873, தாத்தாவுக்கு தாத்தா காலத்து டிசைன். ஸ்ட்ரெய்ட் கட், ஜிப் கெடையாது, பட்டன்தான். மொத ரெண்டு வாரம் அவசரத்துக்கு பாத்ரூம் போனா பட்டனோட ஒரு போராட்டம் நடக்கும், இப்ப கை தானா போகுது. (ஜிப்தான் வேணும்னா 505 இருக்கு.) நான் எடுத்தது சுத்த காட்டன், போட போட இடுப்புல கொஞ்சம் லூஸாகும், தொவச்சா திரும்ப புடிக்கும், அதனால பெரிய சைஸ் எடுத்துறாதீங்க. ரைஸ், அதாவது தொடை இடுக்குலருந்து இடுப்புப்பட்டி வரைக்கும் உள்ள அளவு, அந்த ஸ்கின்னிய விட ஒசரம், வண்டில குனிஞ்சு உக்காந்தாலும் பின்னாடி எறங்காது, எனக்கு இது ஒண்ணுக்கே குடுத்த காசு தகும். இண்டிகோங்கிற நீல சாயம் நூலோட மேல்பக்கம்தான் ஒட்டும், உள்ள வெள்ளையாவே இருக்கும், அதான் தேயுற எடமெல்லாம் வெளுக்குது, என்னோடதுல பர்ஸ் வெக்கிற எடம் அச்சு மாதிரி விழுந்திருக்கு. கெட்டி துணி எதுவா இருந்தாலும் மழக்காலத்துல காய ரெண்டு நாள், மே மாசம் போடவே முடியாது, அது வேற விஷயம்.

கடைல ட்ரையல் பாக்குறப்ப நிக்காதீங்க, குந்தி உக்காந்து பாருங்க. நீளம் கொறைக்கிறதா இருந்தா பழைய ஓர மடிப்ப வெட்டி எடுத்து திரும்ப அதையே வெச்சு தச்சு தர சொல்லுங்க. கிழிஞ்ச ஸ்கின்னிக்கு எங்க தெரு டைலர் அண்ணன் உள்பக்கம் ஒட்டு போட்டு தந்தாரு, வீட்ல செடிக்கு தண்ணி ஊத்த அதத்தான் போட்டுக்கிறேன்.