காற்றா, பெட்ரோலா? முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கசிவுச் சோதனை

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள காரை இன்ஜெக்‌ஷனுக்கு (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறைக்கு) மாற்றும்போது எரிபொருள் அழுத்தம் சுமார் 5 பிஎஸ்ஐயிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) 43 பிஎஸ்ஐ அளவுக்கு எகிறுகிறது. பழைய ரப்பர் குழாயும் கிளிப்பும் இதைத் தாங்கும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். கசிவைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள்: காற்றுச் சோதனை, பெட்ரோல் சோதனை.

காற்றுச் சோதனையைக் குழாய்கள் காலியாக இருக்கும்போதே செய்ய வேண்டும். டேங்கிலிருந்து குழாயைக் கழற்றி, குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். தீ அபாயம் குறைவு. டேங்கிற்குள் மட்டும் காற்றை ஏற்றவே கூடாது.

பெட்ரோல் சோதனைதான் உண்மையான பரீட்சை. சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு மூன்று வினாடிகள் ஓடி நிற்கும். ஸ்டார்ட் செய்யாமல் நான்கைந்து முறை இதைச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களை இருமுறை பார்ப்பது நல்லது. பொருத்தும்போது அவை எளிதில் வெட்டுப்படும். அழுத்தமானி மாட்டியிருந்தால், பம்ப் நின்றபின் அதன் முள் சட்டென்று இறங்கினாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் இங்கே கசிவு என்றால் பீய்ச்சியடிக்கும் பெட்ரோல். தீயணைப்பான் கையருகே இருக்கட்டும், கதவுகள் திறந்திருக்கட்டும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பெட்ரோல் சோதனையையே சொல்வேன். குழாய்களைப் புதிதாக வெட்டிப் பொருத்தியிருந்தால் காற்றுச் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.