மக்ஸ் இன்புட் பாதுகாப்பு: பிஏவி199 டையோடா, பால்ட் புரொடெக்டட் ஐசியா?

தொண்டி பக்கம் ஒரு மீன் ஐஸ் ரூமுக்கு எட்டு சென்சார் டெம்பரேச்சர் போர்டு பண்ணோம். 10 கே (கிலோ ஓம்) என்டிசி, அதாவது சூடு ஏறுனா ரெசிஸ்டன்ஸ் குறையுற சென்சார், மேல சப்ளைக்குப் போற 10 கே புல்அப் ரெசிஸ்டர், எட்டு சென்சாரையும் ஒன்னொன்னா மாத்திப் படிக்கிற சுவிட்ச் ஐசி 74எச்சி4051 மக்ஸ், 3.3 வோல்ட் சப்ளை. சென்சார் ஒயர் எல்லாம் கம்ப்ரசர் மோட்டார் கேபிள் கூடவே நீளமா ஓடுது, ஐப்பசி கார்த்திகை வந்தா இடி மின்னல் வேற. 4051-ல ஒரு சேனல் வோல்டேஜ் சப்ளையைத் தாண்டுனா அது மட்டும் கெடாது, பக்கத்து சேனல் ரீடிங்கையும் சேத்து இழுத்துரும், அதனால பாதுகாப்பு வேணுமான்னு பேச்சே இல்ல, எதை வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

பால்ட் புரொடெக்டட் மக்ஸ், அதாவது சப்ளையைத் தாண்டி வோல்டேஜ் வந்தாலும் கெடாத மக்ஸ், நல்ல சாமான்தான். ஏடிஜி508எஃப் மைனஸ் 40-ல இருந்து பிளஸ் 55 வோல்ட் வரைக்கும் தாங்கும், பவர் ஆஃப்ல இருந்தாலும் சுவிட்ச் எல்லாம் திறந்தே நிக்கும். ஆனா அதுக்கு பிளஸ் மைனஸ் 12 இல்ல 15 வோல்ட் வேணும், 3.3 போர்டுக்கு அதுக்குன்னே தனி சப்ளை கட்டணும், விலையும் ஜாஸ்தி. இதை நான் டேபிள்ல வச்சுப் பார்த்ததோட சரி, சைட்ல ஓட்டல.

அடுத்து எல்லாரும் போடுற வழி, 10 கே சீரிஸ் ரெசிஸ்டர், அதுக்குப் பின்னாடி ரெண்டு ரெயிலுக்கும் (3.3-க்கும் கிரவுண்டுக்கும்) பிஏடி54எஸ் ஷாட்கி டையோடு. கிளாம்ப் நல்லாத்தான் பண்ணும், அதாவது வோல்டேஜ் ரெயிலைத் தாண்டாம பிடிச்சு வைக்கும், பிரச்சனை லீக்கேஜ், டையோடு சும்மா இருக்கும்போதும் ஒழுகுற கரண்ட். நம்ம ஊர் வெயில்ல, தகரச் சுவத்துல மாட்டுன பெட்டிக்குள்ள மத்தியானம் 60 டிகிரி சாதாரணம், அந்தச் சூட்டுல ஷாட்கி மைக்ரோ ஆம்ப் கணக்குல ஒழுக ஆரம்பிச்சிரும். ரெண்டு டையோடும் சமமா ஒழுகுனா ஒன்னை ஒன்னு கழிச்சுரும்தான், ஆனா ஐஸ் ரூம் 0 டிகிரில என்டிசி கிட்டத்தட்ட 32 கே, அதும் புல்அப்பும் சேர்ற இடம் 2.5 வோல்ட்டுல நிக்கும், அதனால கீழ் டையோடுதான் அதிகம் ஒழுகும். வித்தியாசம் வெறும் 1 மைக்ரோ ஆம்ப்னு வைங்க, வழில 10 கே சீரிஸும் புல்அப்பும் என்டிசியும் சேர்ந்த டிவைடரோட 7.6 கேயும் இருக்கு, 17 மில்லிவோல்ட்டுக்கு மேல விழுந்துரும். அங்க ஒரு டிகிரிக்கே 31 மில்லிவோல்ட்தான், அப்ப அரை டிகிரிக்கு மேல தப்பு, அதுவும் நெசமான சூட்டை விடக் கூடக் காட்டும். காலைல ரீடிங் சரியா இருக்கும், மத்தியானம் மட்டும் ஏறும், பார்க்கிறவங்க ரூம்தான் சூடாகுதுன்னு கம்ப்ரசரை ஓட்டிட்டே இருப்பாங்க, கரண்ட் பில்லும் ஏறும்.

அதனாலதான் லீக்கேஜ் ரொம்பக் கம்மியான ஜோடி டையோடு பிஏவி199 வச்சேன். அதே மூணு கால் பேக்கேஜ், டேட்டாஷீட்ல 25 டிகிரில அதிகபட்சம் 5 நானோ ஆம்ப், 150 டிகிரிலயே 80 நானோதான். அந்த 80-ஐயே போட்டாலும் 1.4 மில்லிவோல்ட், டிகிரில 0.05 கூட இல்ல. ஒரே குறை, சிலிக்கான் டையோடு, டிராப் (கண்டக்ட் ஆகத் தேவையான வோல்டேஜ்) அதிகம், அதனால மக்ஸ் உள்ள இருக்கிற டையோடும் கொஞ்சம் கண்டக்ட் ஆகும். அதுக்கு டையோடுக்கும் மக்ஸுக்கும் நடுவுல இன்னொரு 1 கே போட்டாச்சு, முடிஞ்சது.

ஒயர் மாட்டுற டெர்மினல்ல டிவிஎஸ், அதாவது திடீர் வோல்டேஜ் அடியை வாங்கிக்கிற டையோடு, கண்டிப்பா வேணும், ஆனா 5 வோல்ட் டிவிஎஸ் வாங்கிராதீங்க. எஸ்எம்ஏஜே5.0ஏ லீக்கேஜ் 800 மைக்ரோ ஆம்ப் வரைக்கும் போகும். எஸ்எம்ஏஜே24ஏ போடுங்க, அது விடுற மிச்சத்தை 10 கே தடுத்துரும். நேரா இடி விழுந்தா எந்த டையோடும் காப்பாத்தாது, அது வேற கதை.

தப்பித் தவறி எட்டு சென்சார் லைன்லயும் 24 வோல்ட் பட்டுருச்சுன்னா 16 மில்லி ஆம்ப் கிளாம்ப் வழியா 3.3 லைனுக்குள்ள ஏறும், போர்டு அவ்வளவு குடிக்கலன்னா லைனே உயர்ந்துரும். அங்க டிஎல்431-னு ஒரு ரெகுலேட்டர் ஐசியை 3.5 வோல்ட்டுக்கு செட் பண்ணி ஷன்ட்டா வைங்க, அதைத் தாண்டுனா மிச்சக் கரண்ட்டை கிரவுண்டுக்கு இழுத்துக்கும். அப்புறம் சால்டர் பண்ணப்ப மிஞ்சுன ஃப்ளக்ஸைக் கழுவிட்டு போர்டுக்கு கோட்டிங் அடிங்க, உப்புக் காத்து ஈரம் படிஞ்சா டையோடுல மிச்சம் பிடிச்ச நானோ ஆம்ப் எல்லாம் போர்டு மேலயே ஒழுகிப் போயிரும்.