திருப்பூர்ப் பஞ்சுக்கும் பொள்ளாச்சி ஈரத்துக்கும் நடுவே: ஜாஸ் ரெகார்டுகளோடு 11 வருடம்

எங்கள் வீட்டில் ரெகார்டைச் சுற்றவைக்கும் மெஷினான டர்ன்டேபிளின் மோட்டார் தலையில் ஒரு பித்தளைப் புல்லி இருக்கிறது. கோவை கணபதியில், பம்ப்செட் ஷாஃப்ட் கடையும் ஒரு லேத்துப் பட்டறையில் செய்தது. இந்த 11 வருடத்தில் நான் வாங்கிய எந்த ரெகார்டையும்விட, சுண்டுவிரல் நுனியளவுள்ள அந்தப் புல்லியைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குப் பனியன் ஏற்றுமதித் தொழில். 2014-ல் ஒரு வெளிநாட்டு பையர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு எல்.பி.யை, அதாவது பெரிய ரெகார்டுத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டேவ் புரூபெக் குவார்ட்டெட்டின் ‘டைம் அவுட்’, 1959-ல் வந்தது. கேட்க மெஷின் இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் அடுத்த பொங்கலுக்கு வரும்போது தன் பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தான். 110 வோல்ட் மெஷின் என்பதால் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினோம். ஊசி இறங்கியது, பாட்டு வந்தது. சாக்ஸபோன் கனமாக, நிதானமாக, அரைத்தூக்கத்தில் இருப்பவர் பேசுவதுபோல் இருந்தது. ஜாஸ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு மாதம் அதையே கேட்டேன். ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

எங்கள் கூட்டு அப்போதுதான் சேர்ந்துகொண்டிருந்தது. தொழிலில் பழக்கமான கரூர்த் தம்பி ஒருவன், அவனுக்குத் தெரிந்த பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கார அண்ணன், அந்த அண்ணனின் மகளுக்கு ஸ்கைப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஈரோட்டு டீச்சர், நான். வாரத்துக்கு ஒரு ரெகார்டு என்று முடிவு செய்து, அவரவர் வீட்டில் வாரம் முழுக்கக் கேட்போம். ஞாயிறு பொழுதோட 7 மணிக்குப் போனில் கூடுவோம். யாராவது ஒரு இடத்தைச் சொன்னால் ரெகார்டு வைத்திருப்பவர் ஊசியை அங்கே இறக்கி மற்றவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இன்றுவரை முறை இதுதான்.

‘டைம் அவுட்’டில் உள்ள ‘டேக் ஃபைவ்’ பாட்டின் முறை வந்தபோது நான் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே டீச்சர் நிறுத்தச் சொன்னார். “தம்பி, உங்க மெஷின்ல சட்ஜமம் எங்க விழுதுன்னு சுருதிப் பெட்டி வெச்சுப் பாத்தேனுங்க. அசல்ல அது நேரா இதோட சாதாரண காந்தாரத்துல நிக்குது. கொஞ்சநஞ்சமில்லீங்க, முழுசா ஒரு காந்தாரம் எறங்கிக் கெடக்குது.” அதாவது பாட்டு முழுக்க, இருக்க வேண்டிய சுருதிக்கு மூன்று சுரஸ்தானம் கீழே.

காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்மூரில் 50. அந்தக் காலத்து ஏ.சி. மோட்டார் சுழற்சியைப் பார்த்துத்தான் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சுழற்சியைத் தொடாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று போக வேண்டிய தட்டு என் வீட்டில் ஏறத்தாழ 27.8 சுற்றுதான் போய்க்கொண்டிருந்தது. 60-ஐ 50-ஆல் வகுத்தால் 6/5. சட்ஜமத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதமும் அதே 6/5. டீச்சர் காதால் சொன்னது என் காகிதத்தில் எண்ணாக வந்து நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

மோட்டாரை மாற்ற வழியில்லை, பெல்ட்டை இழுத்துத் தட்டைச் சுற்றவைக்கும் புல்லியை மாற்றலாம். புல்லி பெரிதானால் தட்டு வேகமாகச் சுற்றும். பழையதன் விட்டம் 10 மில்லிமீட்டர். 12 போட்டால் கணக்கு சரி. கணபதிப் பட்டறை அண்ணன் வெர்னியரில் அளந்து, “பாட்டுக் கேக்கறதுக்குங்களா இது?” என்று ஒருமுறை கேட்டார், பிறகு அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் பளபளவென்று கடைந்து கொடுத்தார். வேகம் பார்க்க ஒரு கோட்டு வட்டம் உண்டு. 180 கோடுகள் அச்சிட்ட காகிதம். தட்டின் மேல் வைத்து, பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். என் கோடுகள் பின்னோக்கி மெல்ல நகர்ந்தன. பெல்ட்டின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். மறுபடியும் கணபதி, இந்தத் தடவை 12.1. கோடுகள் நின்றன. அன்று ராத்திரி ‘டேக் ஃபைவ்’ கேட்டபோது, பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் காற்றில் மிதந்து வந்தது. இரண்டு மாதம் நான் கேட்டிருந்தது வேறொரு பாட்டு.

அந்தப் பாட்டை இயற்றியவரும் டெஸ்மண்ட்தான். தாளம் ஐந்து எண்ணிக்கை என்றதும், நம் கண்ட சாபு தாளம் என்று நான் குதித்தேன். கண்ட சாபு 2+3, இது 3+2, சாய்வு வேறு என்று டீச்சர் திருத்தினார். தட்டிப் பாருங்கள், கைக்கு உடனே தெரியும்.

ரெகார்டு சேர்ப்பது தனியாள் வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர் எதிர். இதற்கு இன்னொரு கதையும் இருக்கிறது. வால்பாறையில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்த பெட்டியொன்றைப் பொள்ளாச்சி அண்ணன் வாங்கினார். அதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இருந்தது, பழைய அமெரிக்க அச்சு. என்னிடம் இருப்பது புது மறுபதிப்பு. அதன் முதல் பாட்டான ‘ஸோ வாட்’டை இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். டீச்சர், “பொள்ளாச்சி ரெகார்டு கொஞ்சம் ஏறி நிக்குதுங்க” என்றார். மெஷின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். கோட்டு வட்டத்தைக் கூரியரில் அனுப்பினேன். அண்ணன் வீட்டில் கோடுகள் கல்லாக நின்றன. ரெண்டாம் பக்கத்தைப் போட்டால் இரண்டு ரெகார்டும் ஒத்துப்போயின. முதல் பக்கம் மட்டும் ஏறியிருந்தது.

விஷயம் ரெகார்டிலேயே இருந்தது. அந்த எல்.பி. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாளில் நியூயார்க்கில் கொலம்பியா ரெகார்டு கம்பெனியின் 30-வது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் மார்ச் 2-ல் எடுத்தவை. அன்று பிரதான டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் திருப்பி ஓட்டினால் சுருதி ஏறும். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே அந்தப் பக்கத்தை ஏறிய சுருதியில்தான் கேட்டிருக்கிறது. 1992 மறுபதிப்பில்தான், கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை வைத்துச் சரிசெய்தார்கள். இது ஆராய்ச்சியாளர்களுக்குப் பழைய செய்தி. ஆனால் நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஈரோட்டுச் சுருதிப் பெட்டி ஒன்று சொல்லித் தெரிந்துகொண்டோம். அந்த ராத்திரி யாருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை.

‘ஸோ வாட்’டின் சுரங்கள் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள். ஒரு சுற்று 32 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு). முதல் 16 ஒரு வரிசை, அடுத்த 8 அதே வரிசையை ஒரு சுரஸ்தானம் மேலே தூக்கி வைத்தது, கடைசி 8 திரும்பவும் பழைய இடம். சட்ஜமமே இடம் மாறிவிட்டு வருவதுபோல் இருக்கும். கிரக பேதம் மாதிரியா என்று கரூர்த் தம்பி கேட்டான். அதில் சுரங்கள் அப்படியே இருக்க ஆதாரம் மாறும், இதில் எல்லாமே சேர்ந்து நகருகிறது என்று டீச்சர் பாடிக் காட்டினார். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாததை ராகம் என்று சொல்லக் கூடாது, சுரங்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்பது அவர் கண்டிப்பு. எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. ஜாஸையும் நம் சங்கீதத்தையும் ஒன்று என்று கட்டிப்பிடித்துவிட்டால் இரண்டையும் சரியாகக் கேட்க முடியாது.

இனி கஷ்டங்கள். வாங்க நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திருப்பூரில் பஞ்சுதான் எதிரி. சன்னலைச் சாத்தினாலும் வரும். ஒரு பக்கம் முடிந்து ஊசியைத் தூக்கினால் நுனியில் சின்னதாக ஒரு வெள்ளைக் குஞ்சம் தொங்கும். ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மண் தூசியும் சேர்ந்துவிடும். துடைக்கப் பனியன் வேஸ்ட்டை எடுத்தேன், நம்மூரில் அதற்கா பஞ்சம்! அதுவே நூலை உதிர்த்தது. இப்போது மைக்ரோஃபைபர் துணி, டிஸ்டில்டு வாட்டர், ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், கடைசியில் வெறும் தண்ணீரில் ஒரு அலசல். ஊசிக்குத் தனிப் பிரஷ், பின்னிருந்து முன்னுக்கு மட்டும். ஊசியின் பாரத்தை 1.8 கிராமில் வைத்திருக்கிறேன். ஊசியைத் தாங்கும் என் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட அளவு அது. பாரத்தைக் குறைத்தால் ரெகார்டு தேயாது என்று நினைத்துக் குறைப்பவர்கள் உண்டு. ஊசி பள்ளத்தில் உட்காராமல் துள்ளும், சேதம் அதில்தான் கூடும்.

பொள்ளாச்சியின் சீக்கு வேறு. தென்மேற்கு மழை பிடித்தால் அட்டையில் பூசணம். அண்ணன் காகித உறைகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பாலித்தீன் உள்ளுறை போட்டு, அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தார். ஓரளவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. எங்கள் இருவருக்கும் பொது எதிரி வெயில். ஒரு சித்திரை மதியம் அவிநாசியில் கல்யாணத்துக்குப் போய், மூன்று ரெகார்டுகளைக் காரிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மூன்றும் அப்பளம். ஒன்று பியானோ கலைஞர் பில் எவான்ஸுடையது. இன்றும் நினைத்தால் வெசனமாக இருக்கிறது. வீட்டிலும் ஓட்டுக்கூரைக்குக் கீழே அட்டாலியில் வைக்காதீர்கள். ஆசாரத்தின் (கூடத்தின்) உள்சுவர் ஓரம், நிமிர்த்தி, நெருக்கமாக.

புது மறுபதிப்பு ஒன்று 2,500 முதல் 4,000 ரூபாய் வரை ஆகிறது. பழையது வாங்கினால் தரக் குறியீடுதான் வம்பு. ‘விஜி பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) என்று சொல்லி ஒரு விற்பனையாளர் அனுப்பியதில் நகம் தட்டும் ஆழத்துக்குக் கீறல். பணம் திரும்ப வரவில்லை. அதிலிருந்து, டியூப்லைட் சாய்வாக விழும்படி எடுத்த படமும், அந்தப் பாட்டு ஓடும் ஒரு நிமிட வீடியோவும் இல்லாமல் நாங்கள் நாலு பேரும் வாங்குவதில்லை. ரெகார்டை அட்டைக்கு வெளியே வைத்துத்தான் பேக் செய்யவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறோம். உள்ளேயே வைத்தால் கூரியரில் குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும்.

கரூர்த் தம்பிக்குக் கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழுவழுப்பான வளையம்தான் உலகம். புளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் ரெகார்டு எது வந்தாலும் டார்ச் அடித்து, ‘ஆர்.வி.ஜி.’ என்ற முத்திரையைத் தேடுவான். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயர்ச்சுருக்கம் அது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தவர். 1959-ல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டுடியோ கட்டிய பிறகுதான் முழுநேரமும் இதற்கு வந்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ 1964 டிசம்பர் 9-ல் அங்கேதான் பதிவானது.

கோல்ட்ரேன் என்றதும் செட்டிபாளையம் வந்துவிடுகிறது. கோவைக்குத் தெற்கே, போத்தனூரைத் தாண்டினால் வரும் ஊர். 1914-ல் அங்கே பிறந்த ராமசாமிதான் பின்னாளில் சுவாமி சச்சிதானந்தர். 1969-ல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். கோல்ட்ரேன் 1967-ல் இறந்தபின், துக்கத்தில் இருந்த அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் இவரைக் குருவாக ஏற்றார். அப்படி வந்ததுதான் 1971-ன் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. தம்பூரா ஒலிக்கத் தொடங்கும், சிசில் மெக்பீயின் பாஸ் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அதன்மேல் ஆலிஸின் ஹார்ப் தண்ணீர் கொட்டுவதுபோல் இறங்கும். பிறகு ஃபேரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸபோன்.

இந்த ரெகார்டை முதலில் கேட்டது பொள்ளாச்சி அண்ணன் தோப்பு வீட்டில். நாலு பேரும் நேரில் சந்தித்த முதல் நாளும் அதுதான். அண்ணனின் அம்மாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. ஒறம்பரை வந்திருக்கிறதே என்று காபி கொண்டுவந்தவர், தம்பூராச் சத்தம் கேட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். “இது ஆருங்கண்ணு?” என்றார். அமெரிக்காவில் ஓர் அம்மா, வீட்டுக்காரர் இறந்த வெசனத்தில் வாசித்தது, நம்ம செட்டிபாளையத்துச் சாமி பேரில் என்று அண்ணன் சொன்னார். பக்கம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், “இன்னொருக்கா போடு சாமி” என்றார். என்னிடம் உள்ளதிலேயே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

போன வாரம் ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’. 1963-ல் அவர் குழுவோடு இந்தியா உட்படப் பல நாடுகளைச் சுற்றியதன் நினைவு, 1966 டிசம்பரில் பதிவு, 1967-ல் வெளியீடு. அதில் ‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’ என்றொரு பாட்டு. டெல்லியில் எலிங்டனின் கூட்டாளி இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் கேட்ட மைனாவின் குரலை, குழுவின் ஜிம்மி ஹாமில்டன் கிளாரினெட்டில் வாசிப்பார். ரெகார்டு அண்ணனிடம். அவர் போட்டபோது பொழுது சாய்ந்து தோப்பில் மைனாக்கள் அடையும் நேரம், சன்னல் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு டீச்சர்தான் கேட்டார்.

“ஏனுங்ணா, இப்ப கூவுனது ரெகார்டுங்களா, தோப்புங்களா?”

அண்ணன் ஊசியைத் தூக்கினார். கூவல் நிற்கவில்லை.