ஒரே பயிற்சியா, கலவைக் கணக்கா? பத்தாம் வகுப்பில் இரண்டையும் நடத்திப் பார்த்த பிறகு

பத்தாம் வகுப்புக் கணக்கை நடத்த கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் திருவட்டார், குலசேகரம் பக்கத்தில் இரண்டு வழிகள் பார்க்கிறேன். ஒரு பயிற்சியை எடுத்தால் அதை முழுதும் போட்டு முடித்து, பாடம் முடிந்ததும் அலகுத் தேர்வு வைப்பது ஒன்று. தினமும் வகுப்பின் முதல் 10 நிமிடத்தில் வேறு வேறு பாடங்களிலிருந்து நான்கு கணக்குகளைக் கலந்து கொடுப்பது மற்றொன்று. முதல் வழியில் 11 வருடம் நடத்தினேன். இரண்டாவதுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. இனி திரும்பிப் போகமாட்டேன்.

பழைய வழியின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே வகைக் கணக்கை அடுத்தடுத்துப் போட்டால் கை பழகும், பிள்ளைக்குத் தைரியம் வரும், பதிவேட்டில் மதிப்பெண் ஏறும். புதிதாக ஒரு முறையைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் நானும் அப்படித்தான் நான்கைந்து கணக்கு போடவைக்கிறேன். தொடக்கத்துக்கு அது வேண்டும்.

அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். முக்கோணவியலில் பயிற்சி 6.2 முழுதும் ஏற்றக்கோணம், 6.3 முழுதும் இறக்கக்கோணம். கணக்கைப் படிக்காமலேயே என்ன செய்யவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பொதுத்தேர்வுத் தாளில் கணக்கின் தலையில் பயிற்சி எண் இருக்காது. எந்த முறை என்று தேர்ந்தெடுப்பதே பாதி வேலை, அந்தப் பாதியை நாம் ஒருநாளும் பழக்குவதில்லை.

இதை எனக்குக் காட்டியது, கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் எங்கள் மாத்தூர் தொட்டிப் பாலம். உயரம் ஏறத்தாழ 115 அடி, பிள்ளைகள் எல்லோரும் அதன்மேல் நடந்தவர்கள். ஓரிடத்திலிருந்து பாலத்தின் உச்சி 30 டிகிரியில் தெரிந்தால் அந்த இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன், வகுப்பே போட்டது. இரண்டு வாரம் கழித்து இப்படிக் கேட்டேன்: 5 அடி உயரப் பெண்ணின் நிழல் 2 அடி, அதே நேரத்தில் பாலத்தின் நிழல் 46 அடி, பாலத்தின் உயரம் என்ன? வடிவொத்த முக்கோணம் தெரிந்தால் இரண்டு வரிக் கணக்கு. ஆனால் பாதிப் பேர் முக்கோணவியலின் டேன் (tan) எழுதிவிட்டு, தராத கோணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வடிவியலை அவர்கள் நன்றாகவே படித்திருந்தார்கள். பாலம் என்றதும் முக்கோணவியல் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

உளவியல் ஆய்வாளர் டக் ரோரரும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதையே அளந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குகளை இரண்டு விதமாகப் பயின்றார்கள். மறுநாளே வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 80 சதவீதம், ஒரே வகையாகப் போட்டவர்கள் 64. முப்பது நாள் கழித்து வைத்ததில் 74-க்கு 42. நமக்கு முக்கியம் அந்த முப்பதாம் நாள்தான். ஜூலையில் நடத்தியது மார்ச்சில் நிற்கவேண்டுமே.

இவ்வளவு தெரிந்தும் பல ஆசிரியர்கள் ஆரம்பித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். காரணம், தினமும் ஓட்டிக்கொண்டுபோவதில் உள்ள பாடு. முதல் வருடம் நானும் ராத்திரி உட்கார்ந்து நான்கு கணக்கு தேடினேன். ஆகஸ்டிலேயே விட்டுவிட்டு விட்டுவிட்டுத்தான் நடந்தது. அப்புறம் மே விடுமுறையில் தபால் அட்டை அளவில் 240 அட்டைகள் வெட்டி, முன்பக்கம் கணக்கும் பின்பக்கம் விடையும் எழுதி, பாடத்துக்கு ஒன்றாக எட்டு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன். காலையில் நான்கு எடுப்பேன்: நேற்றைய பாடம், போன வாரம், போன மாதம், அதற்கும் முந்தையது. இரண்டு நிமிட வேலை.

திருத்துவதிலும் அப்படியே. என் இரண்டு பிரிவில் 76 பேர். அலகுத் தேர்வுத் தாளுக்கு நான்கு நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம் ஆகும், தாள் கைக்குப் போகும்போது ஒரு வாரம் கடந்திருக்கும். பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடும். தினசரிக் கணக்கை அவர்களே கரும்பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கணக்காகச் சொல்லி, தப்பியவர்கள் கை தூக்குங்கள் மக்களே என்பேன், எண்ணிக் குறித்துக்கொள்வேன். அதிகம் பேர் தப்பிய அட்டை மூன்றாம் நாள் திரும்பவும் வரும், அடுத்த வாரமும் வரும். தவறிய கணமே சரியானதைப் பார்க்கிறார்கள், நான் ஒரு தாளும் வீட்டுக்குச் சுமப்பதில்லை.

இன்னொன்று மழை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அலகுத் தேர்வு நாளில் மழை விடுமுறை வந்தால் அது அடுத்த பாடத்துக்குள் போய் இடிக்கும். தினசரிக் கணக்கில் ஒரு நாள் போனால் நான்கு அட்டைதான் போகும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் ஒரு மாதம் சரியான விடைகள் குறையும், பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். ரப்பர் பால்வெட்டு முடித்து நேராகப் பள்ளிக்கு வந்த ஒரு அப்பா, “டீச்சரே, ஒம்பதாங் கிளாசுல எம்பது வாங்கின பிள்ளை, இப்போ நாலுல ஒண்ணுதான் சரியாம். என்னவாக்கும் காரியம்?” என்று கேட்டார். அட்டைகளைக் காட்டி, செப்டம்பர் வரை பொறுங்கள் என்றேன். அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லாவிட்டால் இதில் இறங்கவேண்டாம். எண் கணக்கே தடுமாறுகிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் கலக்காமல் கொடுப்பதே நல்லது என்று தோன்றுகிறது, ஆனால் அப்படி ஏழெட்டுப் பேரைத்தான் கவனித்திருக்கிறேன். வரலாற்றுக்கோ தமிழுக்கோ இந்த அளவு பலன் இருக்குமா என்பதை அந்தப் பாடம் எடுப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

எட்டு மதிப்பெண் செய்முறை வடிவியலும் வரைபடமும் மட்டும் 10 நிமிடத்தில் அடங்கவில்லை. அவற்றை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இன்னும் பழைய வழியில்தான் போடவைக்கிறேன்.